லோரி உயரத்தில் இறங்கிய விமானம்

மாற்றுச் சட்டையும் துண்டும் பையில் வைத்துக்கொண்டு போன மடையன் நான். விமானம் ஓட்டப் பழகுகிறவன் முதன்முதலாகத் தனியாகப் பறந்து இறங்கினால், அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பது எங்கள் பயிற்சிப் பள்ளியின் வழக்கம். அன்று எனக்குத்தான் அந்தக் குளியல் என்று நானே முடிவு செய்து, கிள்ளானில் இருக்கும் சொந்தபந்தம் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். எனக்குப் பயிற்சி தந்து, அனுமதியும் தரவேண்டிய கேப்டனிடம் மட்டும் சொல்லவில்லை.

கேப்டன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வளர்ந்த பெண். என்னைவிட இளையவர். தரையில் இருக்கும்வரை நான் அவருக்கு 'அண்ணே'. மேலே கிளம்பியதும் அந்த மரியாதை கழன்றுவிடும்.

"மூணு தடவ ஒழுங்கா இறக்குங்கண்ணே. தனியா விடறதப் பத்தி அப்புறம் பேசலாம் லா," என்றார்.

முதல் தடவை, தரை வந்துவிட்டது என்று நினைத்து விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். தரை வரவில்லை. அந்தரத்தில் சற்று யோசித்த விமானம் தொப்பென்று விழுந்து, தவளைபோல எகிறி, மறுபடி விழுந்தது. இரண்டாம் தடவையும் அதே தவளை.

"எங்க பாக்குறீங்க?"

"தரையத்தான் கேப்டன்."

"தரை இன்னும் கீழ இருக்கு! போர்ட் கிள்ளான்ல கொண்டெய்னர் லோரிதானே ஓட்டுறீங்க? லோரி சீட்டுலேர்ந்து ரோடு எவ்வளவு கீழ தெரியுமோ, அந்த உயரத்துலயே இறங்கிட்டதா நெனைக்கிறீங்க. இது குட்டி பிளேன். இன்னும் கீழ வரணும்."

மூன்றாம் தடவை மனசைக் கல்லாக்கிக்கொண்டு இன்னும் கீழே வந்தேன். சக்கரம் தரையைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. பூப்போல! அந்தப் பூரிப்பில் இருக்கும்போதே விமானம் இடப்பக்கம் ஒதுங்கியது. இதென்ன பிரமாதம் என்று கையிலிருந்த விமானப் பிடியை லோரி ஸ்டீயரிங் மாதிரி வலப்பக்கம் முழுசாக ஒடித்தேன்.

"கால்! கால்!" என்று கேப்டன் கத்தினார்.

தரையில் விமானத்தைத் திருப்புவது கால் மிதிதான், கை அல்ல. பாடத்தில் படித்ததுதான். அது நினைவுக்கு வருவதற்குள் ஓடுபாதையைத் தாண்டிப் புல்லுக்குள் போய்விட்டோம். கேப்டன் பிரேக்கை அழுத்தி நிறுத்தி, எஞ்சினை அணைத்தார். இருவருக்கும் ஒரு கீறல் இல்லை. விமானத்துக்கும் இல்லை. புல்லுக்குத்தான் கொஞ்சம் சேதம்.

எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்ற கவலை எனக்கு.

"இறங்குனது நல்லாத்தானே இருந்துச்சு கேப்டன்? இப்ப நான் தனியா போலாமா?"

"போலாம், நடந்து."