சிவப்பு மையில் எழுதிய நேரம்

எங்கள் படகுத்துறையில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் நான் டிக்கெட் கிழிக்கிறேன். அடுத்ததில் லிஸ்ட் அக்கா உட்கார்ந்திருப்பார் என்று எழுதினால் அது பொய். பதினொரு வருஷத்தில் அவர் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஜன்னலுக்கு மேலே ‘பயணிகள் தகவல்’ என்று பலகை தொங்கும். கீழே நாற்காலி காலியாக இருக்கும். ஆள் எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்லித் தொலைக்க வேண்டும்.

அக்காவுக்குக் காலில் சக்கரம். தீவில் காசில்லாமலோ சில்லறைக் காசிலோ பார்க்கக்கூடியதையெல்லாம் தேடித் தேடி ஒரு தாளில் சேர்த்து வைத்திருந்தார். மொத்தம் இருபது. லிஸ்ட் அக்கா என்ற பெயர் அதனால்தான். பாறைகளுக்கு நடுவில் கடல்நீர் தேங்கும் குளம், செவ்வாய்க்கிழமை இலவசமாகத் திறக்கும் தாவரத் தோட்டம், ஒரே டிக்கெட்டில் தீவை முழுசாகச் சுற்றும் வட்டப் பேருந்து (இடதுபக்கம் உட்காரவும்), சாயங்காலம் ஐந்து மணிக்குச் சந்தையின் கடைக்கோடியில் பாதி விலைக்குத் தள்ளிவிடும் பழம், வெயில் தாங்காதவர்களுக்கு நூலகத்து இரண்டாம் மாடியில் நல்ல மின்விசிறிக்குக் கீழே இருக்கும் பெஞ்சு. பெஞ்சைக்கூட விடவில்லை. எங்கள் மேலாளருக்கு இந்தத் தாளைக் கண்டாலே எரியும். கண்ணாடித்தளப் படகில் காசு கொடுத்து ஏற வேண்டியவர்களெல்லாம் நூலக பெஞ்சில் போய்த் தூங்குகிறார்களே என்று புலம்புவார். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டார்.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டிக் இருக்கும். தானே போய் நடந்து பார்த்தது என்று அர்த்தம். ஏழாவது வரிக்கு மட்டும் டிக் கிடையாது. அது மணல்திட்டு வழி. கடல் இறங்கும்போது கரையிலிருந்து எதிரே இருக்கும் குட்டித்தீவு வரை மணல் எழும்பி நிற்கும். கால் மணி நேரம் நடந்தால் அங்கே போய்விடலாம். கடல் ஏறினால் வழி மூழ்கிவிடும். இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளித் தள்ளிப் போகும் என்பதால், ‘இத்தனை மணிக்குள் திரும்பிவிடவும்’ என்று அன்றன்றைய நேரத்தை அக்கா ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையில் கையால் எழுதுவார். நாற்பது தாளுக்கு நாற்பது முறை.

ஏன் டிக் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். தீவிலேயே பிறந்து வளர்ந்த அக்காவுக்குத் தண்ணீர் என்றால் பயம். கணுக்காலுக்கு மேல் கடல் வந்தால் மூச்சு வாங்கும். நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யாத நாள் இல்லை.

அக்காவின் மகள் எதிர்க்கரை ஊரில் வீடு பார்த்துக் குடிபோய் எட்டு மாதம் ஆகிவிட்டது. போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். கடைசியில் அக்கா ஒரே ஒரு நாள் லீவு போட்டார். மறுநாள் காலை ஏழு மணிப் படகுக்கு நான்தான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். லீவில் போகிறவர் சும்மா போகலாம் அல்லவா? போகமாட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள், மறுநாளுக்கான தாள்களையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன் என்று காலையிலிருந்தே சிவப்புப் பேனாவும் கையுமாக மேஜையருகிலேயே நின்றார். அன்றைக்குத் திரும்ப வேண்டிய நேரம் ஒன்றரை. மறுநாளுக்கு இரண்டு இருபது.

பதினொன்றரை மணி வாக்கில் ஓர் அம்மா இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தாள். பெரியவளுக்கு எட்டு வயது இருக்கும், சின்னவளுக்கு ஐந்து.

"மேடம், இந்த மணல் வழியில குழந்தைங்கள கூட்டிட்டு நடக்கலாமா?"

"தாராளமா. தாள்ல நேரம் போட்டிருக்கு பாருங்க. அதுக்குள்ள திரும்பிடணும், அவ்வளவுதான்."

ஒன்றரை மணிக்கு அக்கா மேஜையை ஒழுங்குபடுத்தினார். நாளைய கட்டை இழுப்பறையில் வைக்கும் முன் எண்ணினார். நான் உப்புமாவை வாயில் வைத்திருந்தேன். அவர் மறுபடி எண்ணினார்.

"தம்பி, ஒண்ணு குறையுது."

"ஒரு தாள்தானே அக்கா. காத்துல பறந்திருக்கும்."

"இல்ல. இது மேஜை மேல இருந்தப்போ அந்தப் பொண்ணு ஒருத்திதான் வந்தா. மேலாப்புல இருந்ததை எடுத்து நான்தான் குடுத்தேன். நாளைக்கு நேரம் போட்டதைக் குடுத்துட்டேன்."

அந்த அம்மா இரண்டு இருபது வரை நேரம் இருக்கிறது என்று நம்பிக் குட்டித்தீவில் சாவகாசமாக உட்கார்ந்திருப்பாள். கடலோ ஒன்றரைக்கே திரும்பியிருக்கும். நான் கையைக்கூடக் கழுவவில்லை. அதற்குள் அக்கா வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறிவிட்டார். பை இங்கேயே கிடந்தது. போனும் அதற்குள்தான்.

அதன்பின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிப் படகுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன், இன்னொருவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். இரண்டே கால் மணிக்கு ஜன்னலில் ஒரு குரல் கேட்டது.

"சார், அந்த மேடம் இல்லியா?"

அதே அம்மா. இடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகள். சின்னவள் தலையில் காகிதத் தொப்பி. அது எங்கள் தாள்தான். தொப்பியின் ஓரத்தில் சிவப்பு மை தெரிந்தது.

"நீங்க மணல் வழிக்குப் போகலியா?" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"எங்க சார். இவ பாதியிலேயே தூக்கச் சொல்லி அழுதா. சந்தையிலேயே உட்கார்ந்துட்டோம். வேற எங்க போகலாம்னு கேக்கலாம்னு வந்தேன்."

உயிர் போய் உயிர் வந்தது. வந்த வேகத்திலேயே மறுபடி போனது. பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள் என்றால் அக்கா எங்கே? இவர்களைக் காணோமே என்று திரும்பி வருகிற ரகம் இல்லை அவர். எட்டி மேஜையைப் பார்த்தேன். பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. மகளாகத்தான் இருக்கும்.

ஜன்னலைச் சாத்தினேன். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். அந்த அம்மாவிடம் "இங்கேயே உட்காருங்க, எங்கேயும் போயிடாதீங்க, அந்தத் தாளைத் தொடாதீங்க" என்று என்னென்னவோ உளறிவிட்டு மீன் இறங்குதுறைக்கு ஓடினேன். நல்லவேளை, படகுக்காரர் ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு வார்த்தை கேட்காமல் இஞ்சினைக் கிளப்பினார்.

மணல் வழி இருந்த இடத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. குட்டித்தீவின் பாறைமேல் அக்கா நின்றுகொண்டிருந்தார். மார்பு வரை நனைந்திருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"பிள்ளைங்களக் காணோம் தம்பி. மூணு தடவை சுத்திட்டேன். கரையில செருப்பு கிடந்துச்சு. ஒரு பெரிய ஜோடி, ரெண்டு சின்ன ஜோடி. இங்கதான் வந்திருக்காங்க."

"அது வேற யாரோட செருப்போ அக்கா. அவங்க நம்ம ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருக்காங்க. இங்க வரவே இல்ல."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்."

"நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. சின்னது உங்க தாளைத் தொப்பி பண்ணித் தலையில வெச்சிருக்கு."

அக்கா அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். படகில் வரும்போது அவருக்கென்று நல்ல திட்டாக நாலு யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் பாறையில் இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதை மறைக்க இஞ்சின் புகையைச் சாக்காகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது படகின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "இடுப்புக்கு மேல வந்துச்சு தம்பி" என்றார்.

ஜன்னலுக்கு வந்ததும் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். அவள் முகம் வெளுத்துவிட்டது, சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அக்கா தொப்பியை மெல்ல வாங்கிப் பிரித்து, நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிழித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து மீதி முப்பத்தொன்பதையும் கிழித்தார்.

"நான் நாளைக்குப் போகலை."

"ஏன்?"

"நாளைக்கு நேரத்தை நாளைக்குத்தான் எழுதணும். யாரு எழுதுவா?"

"நான் எழுதறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். அவருடைய தாளை நான் பதினொரு வருஷமாகக் கேலி செய்தவன். ஆனாலும் கடல் அட்டவணையை எப்படிப் பார்ப்பது, பாதுகாப்புக்காக அதில் எவ்வளவு குறைத்து எழுதுவது என்று அரை மணி நேரம் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். மறுநாள் ஏழு மணிக்குப் படகு ஏறினார். ஏணியில் கால் வைத்தபிறகும் திரும்பி, "சிவப்பு மை" என்றார்.

அட்டவணையை மூன்று முறை பார்த்துவிட்டு எழுதினேன். அதே இரண்டு இருபதுதான். இருந்தாலும் பேனா ஓடவில்லை. பத்தாவது தாளில் கை வலித்தது. அன்று ஐந்து பேர் மணல் வழியைக் கேட்டார்கள். ஐந்து பேரின் சட்டை நிறத்தையும் ஓர் அட்டையில் குறித்து வைத்தேன். ஒரு மணிக்கு மேல் நாற்காலி என்னைத் தாங்கவில்லை. ஜன்னலைப் பூட்டிவிட்டுக் கரைக்கு நடந்தேன். பக்கத்து ஜன்னல் நாற்காலி ஏன் எப்போதும் காலியாகக் கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்குப் போன் அடித்தது.

"எத்தனை பேரு போனாங்க தம்பி?"

"அஞ்சு."

"திரும்பியாச்சா?"

"நாலு பேரு வந்துட்டாங்க."

போனைக் காதில் வைத்தபடியே மணல் வழியைப் பார்த்தேன். மணலின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் நெருங்கிக்கொண்டிருந்தது. நீலச் சட்டைக்காரன் சிப்பி பொறுக்கிக்கொண்டே ஆடி அசைந்து வந்தான். அவன் கால் கரையில் படும்வரை காத்திருந்தேன்.

"அஞ்சு, அக்கா."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பின்னாலிருந்து மகள், "அம்மா, இப்பவாவது சாப்பிட வா, எல்லாம் ஆறிப்போச்சு" என்றாள்.