எண்ணியவள் அக்கா, அடி வாங்கியவன் தம்பி

தப்பான ஆளைக் காட்டிக் கொடுத்தவன் நான்தான். அதைச் சொல்லாமல் வெர்னா ப்ருசாக்கின் கதையைச் சொல்ல முடியாது.

1977 ஆகஸ்ட். லாஸ் வேகாஸில் ஃப்ரீமாண்ட் தெருவை ஒட்டிய ஒரு கேசினோவில் பிளாக்ஜாக் சூதாட்ட மேசையில், ஆடுகிறவர்களுக்குச் சீட்டுப் போடும் வேலையில் இருந்தேன். வெர்னா பதினொரு வருஷமாக ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். நாற்பத்து மூன்று வயது. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீராவி இஸ்திரி சுட்ட தழும்பு. இயந்திரங்கள் இரைகிற அந்த இடத்தில், பக்கத்தில் நிற்பவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே நானூறு துண்டுகளை ஒன்று பிசகாமல் எண்ணிப் போடுவாளாம். அந்தத் தலைதான் அவளைச் சீட்டுப் பக்கம் இழுத்து வந்தது.

சீட்டு எண்ணுவது கேட்பதற்குச் சுலபம். இரண்டு முதல் ஆறு வரை எந்தச் சீட்டு விழுந்தாலும் மனதில் ஒன்றைக் கூட்டு. பத்தோ, படச்சீட்டோ, ஏஸோ விழுந்தால் ஒன்றைக் கழி. மற்றதை விட்டுவிடு. எண்ணிக்கை ஏறினால், மிச்சக் கட்டில் பெரிய சீட்டுகள் நிறைய இருக்கின்றன என்று பொருள். அப்போது பந்தயத்தை ஏற்றினால் ஆடுகிறவனுக்குச் சாதகம். ஏமாற்று இல்லை, எந்தச் சட்டத்திலும் குற்றமும் இல்லை. ஆனால் எண்ணுகிறவனை எந்தக் கேசினோவும் உட்கார விடாது. வேகாஸில் அந்த நாளில் வெளியே அனுப்பும் விதமும் மரியாதையாக இருக்காது.

வெர்னாவின் தம்பி டேல், ரோடியோ என்கிற காளைச் சவாரிப் போட்டியில் காளை ஏறியவன். காளை தூக்கிப் போட்டதில் இடுப்பெலும்பு உடைந்து, ஒரு காலை இழுத்து நடப்பான். இரண்டு வருஷம் அக்காவும் தம்பியும் சமையலறை மேசையில் பழகினார்கள். அவள் எண்ணும்போது இவன் தட்டைப் போட்டு உடைப்பான், ரேடியோவை அலற விடுவான். கடைசியில் எதற்கும் அவள் எண்ணிக்கை கலையவில்லை. பிறகு மாதக்கணக்கில் எங்கள் கேசினோவுக்கு வந்தார்கள். அவள் மேசையில் உட்கார்ந்து இரண்டு இரண்டு டாலராக வைத்து ஆடுவாள். எண்ணிக்கை ஏறியதும் சிகரெட்டை இடது கைக்கு மாற்றிக்கொள்வாள், அதுதான் சைகை. தலையில் பெரிய தொப்பியோடு, குடிபோதையில் இருக்கிற பண்ணைக்காரன் மாதிரி டேல் தள்ளாடி வந்து இருநூறு, முந்நூறு என்று வைப்பான்.

அந்தச் சனிக்கிழமை மதியம் என் கண்ணில் பட்டது டேலின் விஸ்கிக் கோப்பை. ஐஸ் முழுக்கக் கரைந்தும் அளவு குறையவேயில்லை. குடிக்காமலே தள்ளாடுகிறவன், சரியான நேரத்தில் மட்டும் பந்தயத்தை ஏற்றுகிறான். மேற்பார்வையாளர் கேஃப்னி பின்னால் வந்து நின்றபோது மெல்லச் சொன்னேன்.

"சார், அந்தத் தொப்பிக்காரன் சீட்டு எண்ணுறான்."

"அந்தப் பொம்பள?"

"அதுவா? அது பொழுது போகாம வந்து உக்காந்திருக்கு."

பத்து நிமிஷத்தில் டேலின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அவனைக் கூட்டிப் போனதும், அடையாளம் சொல்ல என்னையும் பின்னறைக்கு வரச் சொன்னார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஓர் இரும்புக் கதவு. டர்க் அங்கே இருந்தான். காவல்காரன் என்று பெயர், வேலை அடிப்பது. காகிதத்தில் இறுகச் சுற்றிய நாணயக் கட்டு ஒன்றை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டு டேலின் வாயில் விட்டான். இரண்டு பற்கள் தரையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"எண்ணுற மிஷின எங்கடா வெச்சிருக்க? பூட்ஸுலயா?" என்றார் கேஃப்னி.

"மிஷினெல்லாம் இல்லண்ணே. அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமாம்டா டர்க்!"

டேலின் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து டர்க் கதவைச் சாத்தினான். ஒருமுறை இல்லை, மூன்றுமுறை. டேல் கத்திய கத்தல் வெளியே ஸ்லாட் மெஷின்களின் மணிச் சத்தத்தில் கரைந்துபோயிருக்கும். ஒருத்திக்கு மட்டும் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் வெர்னா, கைப்பையோடு நிற்கிறாள். அவளை யாரும் சந்தேகப்படவில்லை. நேராக வாசலைப் பார்த்துப் போயிருக்கலாம்.

"அவன விடுங்க. எண்ணினது நான்."

கேஃப்னி விழுந்து விழுந்து சிரித்தார். "நீயா? வீட்டுல துணி தொவைக்காம இங்க வந்து கணக்கு போடுறியாக்கும்?"

"துணியும்தான் தொவைக்கிறேன். ஒரு கட்ட எடுத்து, நீங்களே கலச்சுப் போட்டுப் பாருங்க."

கேஃப்னி கட்டைக் கலைத்து என்னிடம் தந்தார். ஒரு சீட்டை உருவி மேசையில் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஹோலிஸ், மிச்சத்த வேகமாப் போடு. டர்க், நீ உன் வேலைய நிறுத்தாத."

நான் போட்டேன். என்னால் முடிந்த வேகத்தில் போட்டேன். ஒவ்வொரு நாலைந்து சீட்டுக்கும் டர்க்கின் பூட்ஸ் டேலின் விலாவில் இறங்கியது. "அக்கா... அக்கா..." என்று அவன் தரையில் சுருண்டான். வெர்னா திரும்பவில்லை. கண் சீட்டிலேயே இருந்தது. கடைசிச் சீட்டு விழுந்தது.

"ஒண்ணு மிஞ்சுது. நீங்க மூடி வெச்சிருக்கிறது பெரிய சீட்டு. பத்தோ படமோ ஏஸோ. இப்ப அவன விடுங்க."

கேஃப்னி கையை எடுத்துப் புரட்டினார். கிளாவர் ராஜா.

ஒரு சலவைக்காரி தன் கண் முன்னாலேயே மாதக்கணக்கில் விளையாடியிருக்கிறாள் என்ற அவமானம் கேஃப்னியின் கழுத்தில் சிவப்பாக ஏறியது. அவள் தலைமுடியைப் பிடித்து மேசையில் மோதினார். பிறகு விரித்த கையால் இடது காதில் அறைந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. வெர்னா சாம்பல் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள், புருவம் பிளந்தது. அதன்பின் டர்க் அவளையும் அடித்தான். என் கையில் சீட்டுகள் இருந்தன. அவற்றைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மறுபடி எந்த மேசையிலும் உட்கார விடாமலிருக்க இருவரையும் படம் எடுத்துவிட்டு, பின்பக்க வண்டி நிறுத்தத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வெயிலில் தார் இளகியிருந்தது. நினைவில்லாமல் கிடந்த டேலின் கன்னத்தோல் தாரோடு ஒட்டிக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவனுக்கு இரண்டு விரல்கள் போயின. வெர்னாவுக்கு இடது காது கேட்காமலே போனது.

ஆறு வாரம் கழித்து, மளிகைக்கடை வாசலில் என்னை மறித்தாள்.

"கேசினோ மேல கேஸ் போட்டிருக்கேன். நீ கோர்ட்டுல வந்து சொல்லணும்."

"எனக்கு வேலை போயிரும், வெர்னாக்கா. கட்டினவ மாசமா இருக்கா."

"கை காட்டினதே நீதானே? அதனாலதான் உங்கிட்ட வந்திருக்கேன். வேற யாருகிட்டப் போவேன்?"

நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். ஆனால் நாங்கள் பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மறுநாள் பகலில் டர்க் என் வீட்டுக்கே வந்தான். "என்னப்பா, புது சிநேகிதமெல்லாம் பிடிக்கிற?" என்றவன், டயர் கழற்றும் கம்பியால் என் தோள்பட்டை எலும்பை உடைத்தான். என் மனைவி வாசலில் நின்று அலறினாள். நான் சாட்சி சொல்லப் போனது நியாயத்துக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்த அடிக்காகத்தான் போனேன்.

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. கேசினோ நஷ்டஈடு கொடுத்தது. அது டேலின் கைக்கு மூன்று ஆபரேஷனிலேயே கரைந்தது. கேஃப்னி வேறு ஊரில் வேறு வேலைக்குப் போனார். என்னை அடித்ததற்காக டர்க்குக்குப் பதினான்கு மாத ஜெயில். அதோடு முடியும் என்று நினைத்தோம்.

டேல் முடிக்கவில்லை. சட்டைப் பொத்தானைக்கூட அக்காதான் போட்டுவிட வேண்டியிருந்தது. டர்க் வெளியே வரும் தேதி தெரிந்த நாளிலிருந்து அவன் பாலைவனத்துக்குப் போய் இடது கையால் சுட்டுப் பழகினான். வெர்னா துப்பாக்கியை இரண்டுமுறை எடுத்து ஒளித்தாள்.

"எண்ணலாம்னு சொன்னது நான். அடி விழுந்தது உனக்கு. கோவம்னா என்மேல படுடா."

"உன்மேல எனக்கென்னக்கா கோவம்? அவன் சிரிச்சுக்கிட்டே அடிச்சான்."

1981 மார்ச்சில், முடிதிருத்தும் கடையிலிருந்து டர்க் வெளியே வந்தபோது டேல் எதிரே நின்றான். முதல் இரண்டு குண்டும் கண்ணாடியை உடைத்தன. மூன்றாவது வயிற்றில் பாய்ந்தது. டர்க் நாலு நாள் மருத்துவமனையில் துடித்துச் செத்தான். போலீஸ் வரும்வரை டேல் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான்.

அவனைக் கார்சன் சிட்டி சிறையில் போட்டார்கள். வெர்னா வேகாஸை விட்டு அந்த ஊருக்கே குடிபோய், ஒரு மோட்டலில் மறுபடி சலவை வேலைக்குச் சேர்ந்தாள். எந்தக் கேசினோவிலும் எனக்கு வேலை இல்லை என்று ஆனபின் நானும் வடக்கே வந்து லாரி ஓட்டுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு வெர்னாவைப் போய்ப் பார்ப்பேன். அவளது கேட்கும் காதுப் பக்கமாக உட்கார்ந்து பேச வேண்டும்.

போன முறை போனபோது டேலுக்கென்று வாங்கிய கட்டிலின் பாகங்களைப் பரப்பி, அதைப் பூட்டத் திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டேலை முன்கூட்டியே விடலாமா என்று பார்க்கிற பரோல் விசாரணை அடுத்த வருஷம் வருகிறதாம். "விடுவாங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது. இந்தப் பக்கத்தப் பிடி, ஆடுது," என்றாள். பிடித்துக்கொண்டேன்.