கப்பலிலிருந்து மூன்று மிஸ்டு கால்

பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை. விரித்துக் கிடக்கும் அரக்குப் புடவைக்கும் பச்சைப் புடவைக்கும் நடுவே, கடைக்காரர் ரஹீம் பாயின் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் முன்பே பார்த்துவைத்த கப்பல் இன்ஜினீயர் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு எது என்று நடுக்கடலிலிருந்து சொல்ல வேண்டும். மிச்சம்தான் எனக்கு. எனக்கோ பச்சை மேல்தான் கண்.

“போன தபா கப்பல்லேர்ந்து பேசிக்கினே இருந்தாரு. சேட்டிலைட் ரோமிங்காம், புடவை விலைக்கு பில்லு வந்துச்சு. அதான் இப்ப மிஸ்டு கால். ஒண்ணு வந்தா அரக்கு, ரெண்டு வந்தா பச்சைம்மா.”

போன் அடித்து நிற்கிறது. அரக்கு! பச்சையை மடியில் இழுத்துக்கொள்கிறேன். மறுபடி அடிக்கிறது. போச்சு. அரக்கும் அழகுதான் என்று கை நீட்டுகிறேன்.

மூன்றாவது தடவையும் அடிக்கிறது.

பாய் துள்ளி எழுகிறார். “ஒண்ணும் ரெண்டும் மூணு! அவருக்கு ரெண்டுமே வேணுமாம்மா!”