அரசன் வேஷம் கேட்ட தபிதாள்

திருத்தணியில் மலைக்குப் போகிற சாலையில் தையல் கடை வைத்திருக்கும் தபிதாளுக்கு எதையும் நேராகப் பேசித்தான் பழக்கம். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம், "இந்தக் கலர் உங்களுக்கு எடுபடாதுங்க, வேற கொண்டாங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் கடை முழுக்க மஞ்சள் துணிதான். அந்த நெருக்கடியிலும் அவள் குரல் உயராது.

அவள் வாயை அடக்கிக்கொள்வது ஒரே ஆளிடம்தான். கணவர் டேவிட்சனின் அண்ணன் எலியேசர். தெலுங்கு வழக்கப்படி 'பாவா' என்று கூப்பிடுவாள். ஒரே வாசல், இரண்டு குடித்தனம். எந்தக் கல்யாணத்துக்கு யார் போவது, பிள்ளைகள் எந்தக் காலேஜில் சேருவது, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவர் மனைவி பெபி அவர் எதிரில் பேசி யாரும் பார்த்ததில்லை. எலியேசர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் ஆட்டோ பிடிப்பவர் அவர்தான். எந்த ஆஸ்பத்திரி என்பதையும் அவரே முடிவு செய்வார், நோயாளியைக் கேட்காமல்.

அறுவடைக்கு நன்றி சொல்லிச் சர்ச்சில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகையில் அவர்கள் சபையார் ஒரு பழைய நாடகம் போடுவார்கள். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் எழுதியது. ஓர் அரசன், ஊரார் தன்னைப் பற்றி முணுமுணுக்கிறார்கள் என்று பயந்து, என் எதிரில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போடுகிறான். பிறகு எதிரி கோட்டைக்குத் தீ வைக்கிறான். மந்திரிக்குத் தெரியும், காவலருக்குத் தெரியும், ராணிக்கும் தெரியும். பழகிப்போன பயத்தில் ஒருவரும் சொல்வதில்லை. புகைக்கு நடுவில், "யாராவது பேசுங்கள்!" என்று அரசன் கதறுவதோடு திரை விழும்.

மீசை நரைப்பதற்கு முன்பிருந்தே அரசன் எலியேசர்தான். தபிதாள் ராணி, தலை குனிந்து நிற்பதுதான் வேலை. கடைசிக் காட்சியில் எலியேசர் வாளை உருவி, மார்பை நிமிர்த்திக் கர்ஜிப்பார். கைதட்டல் பறக்கும். பக்கத்தில் நிற்கும் தபிதாளுக்கு மட்டும் ஒன்று உறுத்தும். எரிகிற வீட்டில் மாட்டிக்கொண்டவன் எதற்கு மார்பை நிமிர்த்துகிறான்?

போன வருஷம் சபையின் ஆயர் நேசகுமார் வேஷங்களைப் பிரித்துக் கொடுக்க உட்கார்ந்தபோது அவள் எழுந்து நின்றாள்.

"இந்த வாட்டி ராஜா வேஷம் நான் கட்டறேன், ஐயா."

எலியேசர் சிரித்தார். "பொம்பளை ராஜாவா? இன்னாம்மா பேசிகினு கீறே?"

"ஆங், பாவா. யோசிச்சிட்டுதான் கேக்கறேன்."

"ஜனங்க சிரிப்பாங்க."

"சிரிச்சா எறங்கிக்கிறேன். இப்பவே பேசிக் காட்டறேன், பாருங்க."

சட்டம் போடும் காட்சியை எடுத்துக்கொண்டாள். எலியேசர் அந்த இடத்தில் கூரை அதிரக் கத்துவார். தபிதாள் கத்தவில்லை. நாற்காலியில் சாய்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல், விரலால் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கரண்டி சோறு கேட்பது போலச் சொன்னாள்: "இனிமேல் என் எதிரில் எவரும் பேச வேண்டாம்."

அந்த விரல் தட்டல் யாருடையது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. எலியேசருக்கு மட்டும் தெரியவில்லை. "சத்தம் பத்தாது" என்றார்.

"எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சுங்க" என்றார் ஆயர். "இந்த வருஷம் அவங்களே செய்யட்டும். நீங்க மந்திரி."

ஆயர் சொன்ன பிறகு எலியேசரால் மறுக்க முடியவில்லை. அன்று இரவு டேவிட்சன் தயங்கித் தயங்கி, "அண்ணன் சரியா சாப்பிடலியாம்" என்றார். "பசிச்சா சாப்பிடுவாரு, வுடுங்க" என்றாள் தபிதாள்.

பண்டிகை மாலையில் சர்ச் மைதானம் நிரம்பியிருந்தது. ஒட்டவைத்த மீசையும் ஜரிகை அங்கியுமாக அவள் வந்தபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கடைசிக் காட்சியில் தேங்காய் நார் புகை மேடையில் சுழன்றது. அரசன் வாளை எடுக்கவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்த்தான். மந்திரியாக நின்ற எலியேசரின் தோளைப் பிடித்து உலுக்கினான். மந்திரி தலை குனிந்தார், நாடகத்தில் அப்படித்தான். தபிதாளின் குரல் உடைந்தது.

"யாராவது பேசுங்கள்!"

"கோட்டைக்கு நெருப்பு வெச்சிட்டாங்க ராஜா!"

பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது குரல். பெபி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். திரை இழுப்பவர் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

தபிதாள் மேடை விளிம்புக்கு வந்தாள். நாடகத் தமிழ் போயே போய்விட்டது. "முன்னாடியே ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க?" என்றாள் பெபி. அவள் பார்த்தது அரசனை அல்ல, மந்திரியை.

திரை விழுந்தது. கைதட்டல் தாமதமாகத்தான் வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

மேடைக்குப் பின்னால் எலியேசர் முகச்சாயத்தைத் துடைத்தார். பிறகு கேட்டார்.

"வெரலத் தட்டினியே, அது நானா?"

"ஆங், பாவா."

"பாக்க அவ்ளோ மோசமாவா கீது?"

"பயமா கீது."

அவர் தலையாட்டிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார். தபிதாள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

எலியேசர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் அந்த வாரமே பெபி, "நாளைக்கு பொதட்டூர்பேட்டைக்கு எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்று அவரிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். "எந்த பஸ்?" என்றார் அவர். "மொதல்ல வர்ற பஸ்" என்றாள் பெபி.

இந்த வருஷம் நாடகத்தைப் பள்ளிப்பட்டிலும் போடச் சொல்லி அங்குள்ள சபையார் அழைத்திருக்கிறார்கள். அரசன் தபிதாள்தான், அதில் யாருக்கும் பேச்சில்லை. வேனில் யார் எங்கே உட்காருவது என்று எலியேசர் இப்போதே ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். முந்தாநாள் கடைக்கே வந்து சொல்லத் தொடங்கினார். "முன் சீட்டு எனக்கு, பாவா. மீதிய நீங்க பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, தபிதாள் தையல் மிஷினை மிதித்தாள்.