சக்கரம் தேடியவர்

களக்காட்டில் என் வீட்டை மதிப்பிட வங்கி அனுப்பிய மனிதர் அவர். ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் சீப்பு. எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிவிட்டு, உள்ளிருந்து யாரோ பதில் சொல்லப்போவது போலக் காதை வைத்துக் கேட்பார்.

என் வீடு தொழிற்சாலையில் அறை அறையாகத் தயாராகி, லாரியில் வந்து, கிரேனில் இறங்கியது. அது வீடுதான் என்று அவர் எழுதினால்தான் வங்கி கடன் தரும்.

அவரோ தரையோடு குனிந்து, வீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுதிய அண்ணாச்சி?" என்றேன்.

"சக்கரம் இருக்கான்னு பாக்குதேன். சக்கரம் இருந்தா அது வண்டி. அஸ்திவாரத்துல போல்ட் போட்டு இறுக்கியிருந்தா, செங்கல் வச்சுக் கெட்டுன வீட்டுக்கு உள்ள மதிப்புதான் இதுக்கும்."

"சக்கரமெல்லாம் கெடையாது."

"அப்போ, வந்த வீடு இனி போவாதுன்னு எழுதிருதேன்," என்றார், சிரிக்காமல்.

கடன் கிடைத்தது. இப்போதும் டவுண் அல்வாக் கடையில் என்னைக் கண்டால் உடம்புக்கு எப்படி என்று கேட்கமாட்டார். "அண்ணாச்சி, வீடு அங்கனதான நிக்கு?" என்பார்.

கேலிதான், தெரியும். ஆனாலும் அவரைப் பார்த்த நாளில் ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும், தெருமுனையில் நின்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.