உப்பில்லாத நெத்திலிக் குழம்பு

மரக்காணம் உப்பளங்களை நடத்தியே சுற்றிக் காட்டும் அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். உப்புநீரில் வெடித்த பாதங்கள், தலையில் சும்மாடு, அதன்மேல் சோற்றுக் கூடை. கட்டுமானப் பொறியாளரான நான், போகும் வழியை முன்பே வரைந்து வைத்திருந்தேன். அவரோ அதை விட்டு விலகி, ஒரு மாடி வீட்டுக்கு எதிரே வேலிக்காத்தான் நிழலில், சுற்றிப் பார்க்க வந்த எங்களை உட்கார வைத்துப் பரிமாறினார்.

நெத்திலிக் குழம்பில் உப்பே இல்லை. கேட்டேன்.

"அந்த வீட்ல போய் வாங்கிக்கோம்மா. பெரிய உப்பு வியாபாரி."

கதவைத் தட்டினேன். கிழவர் ஒருவர் உப்புக் கிண்ணத்தோடு வந்தார். "இந்த வாரமும் கூட்டியாந்துட்டாளா?" என்று முனகியபடி, என் முகத்தைப் பாராமல் ஒரு பிடி கொடுத்தார்.

திரும்பி வந்து அந்த அம்மாவிடம் காரணம் கேட்டேன்.

"ஒரு மழையில அந்தக் கிழவன் தன் பாத்தியைக் காப்பாத்திக்க வரப்பை வெட்டி, தண்ணியை எங்க பக்கம் திருப்பிட்டான். குவிச்சு வெச்ச உப்பு மொத்தமும் போச்சு. போய்க் கேட்டா, நான் வெட்டவே இல்ல, உப்புன்னா கரையத்தான் செய்யும்னு சிரிச்சான்."

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

"நான்தான் வெட்டினேன்னு சொல்லட்டும். மறுநாளே உப்பு போட்டுக் கொண்டாரேன்." பிறகு மற்றவர்களிடம், "கும்பலா போகாதீங்கப்பா, ஒவ்வொருத்தரா போய்த் தட்டுங்க" என்றார், சிரிக்காமல்.

என் குழம்புக்கு அந்த ஒரு பிடியே அதிகம். இருந்தாலும் எல்லோரும் வாங்கி முடித்த பிறகு எழுந்துபோய், மறுபடியும் அந்தக் கதவைத் தட்டினேன்.