வெள்ளி மருந்துக் கறை

எங்கள் கல்யாணப் போட்டோவை எடுக்கும்போதெல்லாம், அம்மாவின் விரலில் என்ன கறுப்பாக இருக்கிறது என்று கேட்கிறீர்கள். போட்டோவில் பூசணம் பிடித்துவிட்டது என்று பெரியவன் சொல்கிறான். பூசணம் இல்லை. அந்தக் கறை அம்மாவின் விரலிலேயே இருந்தது. வைத்தவன் நான்தான். அது எப்படி என்று எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு என்ஜினீயரிடம் வேலையில் இருந்தேன். பாலாற்றுத் தண்ணீர் எந்தெந்த ஊரில் எப்படி இருக்கிறது என்று வருஷம் முழுவதும் கவனித்து வருவது அவர் வேலை. ஆற்றில் இறங்கித் தண்ணீர் பிடிப்பதும் அங்கேயே சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. பாலாறு உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் கொஞ்ச நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் மணல்தான். தண்ணீர் மணலுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும். ஜனங்கள் மணலில் குழி தோண்டி, ஊறி வருவதை மொண்டு குடிப்பார்கள். அதற்கு ஊற்று என்று பெயர். ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர்களில் மட்டும் கோடையில் ஒரு தொல்லை உண்டு. ஆற்றுத் தண்ணீர் குறையக் குறைய, கடல் தண்ணீர் மணலுக்கு அடியிலேயே நுழைந்துவிடும். நாக்குக்குத் தெரியும் முன்பே நாங்கள் கண்டுபிடித்துச் சொன்னால், ஊற்றை மேற்கே தள்ளித் தோண்டிக்கொள்ளலாம்.

கண்டுபிடிப்பது இப்படித்தான். வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தண்ணீரை அளந்து ஊற்றி, மஞ்சள் மருந்து ஒரு துளி விடவேண்டும். பிறகு பழுப்பு பாட்டிலில் இருக்கும் வெள்ளி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், தண்ணீர் பால் போல் கலங்கி, சட்டென்று செங்கல் நிறத்துக்குத் திரும்பும். மருந்து எவ்வளவு அதிகம் செலவாகிறதோ அவ்வளவு உப்பு. அந்த வெள்ளி மருந்து கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெயில் பட்டதும் கறுத்துவிடும். சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. தோல் உரிந்தால்தான் போகும். என் வலது கை விரல்களில் அந்தக் கறை இல்லாத நாளே கிடையாது. எனக்குப் பழகிப்போயிருந்தது. அதனால்தான் வந்தது வினை.

உங்கள் அம்மா அந்த முகத்துவாரத்துக்குப் பக்கத்து ஊர்தான். அவளுடைய அப்பா சவுக்கு விறகு வியாபாரம் செய்துவந்தார். தாய் இல்லாத பெண்ணை வளர்த்தவள் அவருடைய தங்கை, அதாவது உங்கள் அம்மாவுக்கு அத்தை. தரகர் சொல்லி, நானும் என் அண்ணனும் பெண் பார்க்கப் போனோம். கேசரி கொடுத்தார்கள். உங்கள் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. அத்தை காபி டம்ளரை நீட்டினாள். நான் கை நீட்டியதும், என்னவோ நினைத்தவள்போல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். ஜாதகம் பொருந்தவில்லை என்றார். ஜாதகமே கேட்காதவர்களுக்கு எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அண்ணன் மடக்கியதும் உண்மையைச் சொன்னார்.

"கோச்சிக்காத தம்பி. உன் கையில கருப்பு கருப்பா கீதாம். பெருவியாதியா இருக்குமோன்னு அந்தம்மா பயந்துகினு கீது. உங்க ஊராண்டதானே அந்த ஆஸ்பத்திரி கீது!"

பெருவியாதி என்றால் குஷ்டம். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அதற்கு ஆஸ்பத்திரி இருந்தது வாஸ்தவம்தான். அந்த நோயில் தோல் வெளுக்குமே தவிர இப்படிக் கறுக்காது. ஆனால் பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா? "போய் விவரத்தைச் சொல்லிட்டு வாடா" என்றான் அண்ணன். எனக்கு வீம்பு. கையைக் காட்டிப் பெண் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

ஆனால் அந்த ஊருக்குப் போகாமலும் இருக்க முடியாது. கடுங்கோடை. ஒவ்வொரு வாரமும் அங்கே உப்பு கூடிக்கொண்டு வந்தது. சதுரங்கப்பட்டினம் வரை பஸ்ஸில் போய், அங்கே வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு ஆற்றில் இறங்கினேன். அத்தையின் பயம் ஊரெல்லாம் பரவியிருந்தது போலிருக்கிறது. என்னைக் கண்டதும் ஊற்றங்கரையில் இருந்த பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் நின்றார்கள். வழக்கமாகத் தண்ணீர் மொள்ளச் சொம்பு கொடுப்பவர்கள், அன்றைக்கு ஒருவரும் கொடுக்கவில்லை.

"எட்ட நின்னு பார்த்துட்டுப் போ. கைய வுட்டுடாத" என்றாள் ஒருத்தி.

பாட்டிலைக் கயிற்றில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்தேன். சோதித்துப் பார்த்தால் உப்பு நிறையவே ஏறியிருந்தது. "இந்த ஊத்து கெட்டுப்போச்சும்மா. மேக்கால தள்ளித் தோண்டுங்க" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இவன் கையே இப்படி இருக்கிறது, இவன் தண்ணீரைக் கெட்டது என்கிறான் என்று அவர்களுக்குள் ஒரு சிரிப்புதான் வந்தது. பிள்ளைகளே, பெண் கிடைக்காததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உண்மையாகவே அந்த நோய் வந்தவர்கள் தினமும் எதைத் தாங்குகிறார்கள் என்று அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

பெட்டியை மூடப்போனேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒருத்தி மட்டும் கிட்டே வந்தாள். உங்கள் அம்மா.

"இன்னா அது கையில?"

"மருந்து."

"எந்த வியாதிக்கு?"

"எனக்கு இல்ல. தண்ணிக்கு."

"தண்ணிக்கு வியாதியா?" என்று சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அன்னிக்கே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?" என்றாள்.

"உங்க அத்தை கேக்கலியே."

"நான் கேக்கறேன் இல்ல? சொல்லுங்க."

கிண்ணத்தில் திரும்பவும் செய்துகாட்டினேன். தண்ணீர் செங்கல் நிறமானதைக் குனிந்து பார்த்தவள், ஆள்காட்டி விரலை நீட்டினாள். "எனக்கு ஒரு சொட்டு வையுங்க."

"ஐயோ, போவாதும்மா. தோல் உரியற வரைக்கும் அப்படியே இருக்கும்."

"இருக்கட்டும். நான் வாயால சொன்னா எங்க அத்தை நம்பாது."

மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஒரு சொட்டு வைத்தேன். விரலை வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றாள். "ஒண்ணுமே ஆவலியே, ஏமாத்தறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் நுனி பழுப்பாகி, பிறகு கறுத்தது. அதை நாலு பேருக்கும் காட்டிவிட்டுக் குடத்தோடு கரையேறினாள்.

வீட்டில் நடந்ததை அம்மா பிற்பாடு சொன்னாள். அத்தை அலறியிருக்கிறாள். சாம்பல், சீயக்காய், எலுமிச்சம்பழம் என்று எதை வைத்துத் தேய்த்தும் போகவில்லை. "உனக்கும் ஒட்டிக்கிச்சேடி பாவி!" என்று அழுதிருக்கிறாள்.

"தொட்டவொடனே ஒட்டிக்கற வியாதி எங்கனா கீதா அத்தை? மருந்துக் கறை அது. அப்படியே அந்த வியாதியா இருந்தாலும் இப்பதான் மாத்திரை வந்துகீதாமே. அதுக்காவ ஒரு மனுசனுக்குக் காபிய தரையில வைப்பியா?" என்று கேட்டிருக்கிறாள்.

அடுத்த வாரம் நான் ஆற்றில் இறங்கியபோது அவளுடைய அப்பாவே மணலில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, என் பொண்ணு கைய இப்பிடிப் பண்ணி வெச்சிகீறியே, இனிமே எவன் வந்து அவளைப் பார்ப்பான்?"

"தோல் உரிஞ்சா போயிடும் மாமா" என்று உளறினேன். மாமா என்று வந்துவிட்டது, நானாகச் சொல்லவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது போற வரைக்கும் யாரு காத்துகினு இருப்பா? நீயே கட்டிக்க மாப்ளே" என்றார். பிறகு கையிலிருந்த மண்வெட்டியைக் காட்டி, "எங்க தோண்டணும், சொல்லு" என்றார். மேற்கே நடந்துபோய் இடத்தைக் காட்டினேன். அந்த ஊற்றில் சோதித்தபோது மருந்து கொஞ்சம்தான் செலவாயிற்று. அன்று சாயங்காலமே பெண்கள் அங்கே வந்துவிட்டார்கள். எனக்குச் சொம்பும் வந்தது.

கல்யாணத்துக்குள் அம்மாவின் விரல் பழையபடி ஆகிவிட்டது. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. நான் மருந்து பாட்டிலைக் கொண்டுவரவேண்டும் என்று தன் அப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் வீட்டில் போய் இறங்கியதும் அத்தைதான் காபி கொண்டுவந்தாள். தரையில் வைக்கவில்லை. டம்ளரை என் கையில் கொடுத்து, என் விரல்களோடு சேர்த்து ஒருதரம் அழுத்திப் பிடித்தாள். அம்மாவின் விரலுக்குச் சொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு வையி" என்று தன் விரலையும் நீட்டினாள்.

போட்டோக்காரர் என் விரல்களைப் பார்த்துவிட்டு, "நீங்களும் நம்ம தொழிலா சார்?" என்று கேட்டார். போட்டோ கறுப்பதும் அதே வெள்ளி மருந்தால்தானாம்.

இனி அந்தப் போட்டோவை எடுத்தால், அம்மாவை மட்டும் பார்க்காதீர்கள். அம்மாவுக்குப் பின்னால், அவள் தோளில் கை வைத்து அத்தை நிற்கிறாள். அந்தக் கையையும் பாருங்கள்.